அணி பூண்ட இறைவனும் அணி துறந்த அம்மையும்

பிறப்பும் இறப்பும் இல்லாதவன், தாயும் தந்தையும் இல்லாதவன் என்று தன் முதற்பொருளைப் பற்றிச் சொல்லும் சைவம், அவனையே மனைவியோடும் மகனோடும் ஒரே ஆசனத்தில் இருத்தி, காதிலும் கழுத்திலும் தோளிலும் அணிகலன் பூட்டி, சுவரில் தீட்டியும் செம்பில் வார்த்தும் வழிபடுகிறது. உறவுகளைக் கடந்தவனுக்குக் குடும்பம் எதற்கு, அக்குடும்பத்துக்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்ற வினாவுக்குச் சாத்திரங்கள் விடை தருகின்றன. ஓவியரின் கை தந்த விடையோ அதனினும் நுட்பமானது.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எழுப்பியது. அதன் மதிலை ஒட்டி வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களுள் ஒன்றில் சோமாஸ்கந்த ஓவியம், அதாவது உமையோடும் கந்தனோடும் வீற்றிருக்கும் சிவனின் ஓவியம், சிதைந்த நிலையில் எஞ்சியிருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931இல் இக்கோயிலின் ஓவியங்களை ஆய்வாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சுண்ணச் சாந்துப் பரப்பில் வண்ணம் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டாலும் கோடுகள் நிற்கின்றன. உடலை வரைந்த கோட்டுக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் அணிகளை வரைந்த கோட்டுக்கும் தரப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அணிகலன் என்பது ஓவியம் முடிந்தபின் மேலே சேர்த்த அழகு அன்று என்பதற்கு அக்கோடுகளே சான்று.

சிவனின் உருவத்தில் ஒரு காதில் ஆண்கள் அணியும் குழையும் மறு காதில் பெண்கள் அணியும் தோடும் இடுவது மரபு. பக்கத்தில் உமை தனியாக வீற்றிருக்கும் போதும் அவன் காதிலிருந்து தோடு அகற்றப்படுவதில்லை. இருவராகத் தோன்றுவோர் ஒருவரே என்பதை அச்சிறு அணி சொல்லிவிடுகிறது. அவனுடைய அணிகளில் பாம்பும் பிறையும் உண்டு, அவளுடையவை மணியும் பொன்னும். துறவியின் கோலமும் இல்லறத்தாளின் கோலமும் ஒரே ஆசனத்தில் அமர, இடையில் குழந்தை இருக்கிறது. பல்லவர் சிற்பங்களில் தாயின் மடியில் அமர்ந்த கந்தன், சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெற்றோருக்கு நடுவே தனியே நிற்கிறான். பிற்காலச் சைவர்கள் சிவனைச் சத்து எனப்படும் உண்மையாகவும், உமையைச் சித்து எனப்படும் அறிவாகவும், கந்தனை ஆனந்தமாகவும் கொண்டனர். உண்மைக்கும் அறிவுக்கும் நடுவே ஆனந்தம் நிற்கும் இடத்தை அச்சிறுவன் காட்டுகிறான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில், உறவுகளைக் கடந்தவனுக்குக் குடும்பம் எதற்கு என்ற வினாவை நேராகவே எதிர்கொண்டார். இறைவன் போகியாக, அதாவது இன்பம் நுகர்வோனாக, இருப்பது உயிர்களுக்குப் போகத்தை அளிக்கவே என்பதும், யோகியாக இருப்பது யோகத்தை அளிக்கவே என்பதும் அவர் வாதம். அப்படியானால் ஓவியத்தில் அவன் பூண்டிருக்கும் அணி எதுவும் அவனுக்குத் தேவையானது அன்று. பிறர்பொருட்டு உறவை ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம்.

இவ்விறைக் குடும்பம் பிற்காலத்தில் தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சென்றது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவையால் அணிகளை மேடாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு பதிக்கும் அவ்வோவியம், சாளரம் இல்லாத பூசையறையில் விளக்கொளியை ஏந்தித் திருப்பித் தருவதற்கு ஏற்ற கலை. பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோரின் ஓவியங்கள் அச்சேறி நாட்காட்டிகளாகப் பரவின. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய வாடகை அறைகளின் சுவர்களிலும் அவ்வகைப் படமே காலண்டராகத் தொங்குகிறது: காளையும் சிங்கமும், பாம்பும் மயிலும், எலியும் அப்பாம்பும் பகை மறந்து ஒரு குடும்பத்தின் ஊர்திகளாகவும் அணிகளாகவும் அடங்கியிருக்கும் கயிலைக் காட்சி. எல்லார் மேலும் ஒரே அளவு பொன்னைப் பூசிவிடுவதால் துறவி அணிக்கும் இல்லற அணிக்கும் உள்ள வேறுபாடு அச்சுப் படத்தில் மங்கிப்போவது உண்மையான இழப்பு. ஆயினும் சொந்த ஊரையும் பெற்றோரையும் விட்டுவந்து ஷிப்டு முறையில் வேலை செய்வோருக்கு, பகை விலங்குகளும் ஒன்றாய் வாழும் அந்த வீட்டின் படம் வெறும் அலங்காரமாகத் தோன்ற இயலாது. அருகிலுள்ள சிறுவாபுரியில் பாலசுப்பிரமணியரை வணங்கி, சொந்த வீடு வேண்டிக் கற்களை அடுக்கிவைப்போரும் குடும்பம் தங்க ஓர் இடத்தையே கேட்கிறார்கள். அவர்கள் கையேந்துவதோ கயிலைக் குடும்பத்தின் பிள்ளையிடம்.

கும்மிடிப்பூண்டியும் சிறுவாபுரியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ள திருவாலங்காடு, அணி உறவுக்கு அடையாளம் என்ற வாதத்துக்கு ஒரு கடினமான சோதனையை வைக்கிறது. சிவன் ஆடும் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகிய அத்தலம், காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடலைக் கண்டு அவன் திருவடிக்கீழ் இருக்கும் இடமாகப் போற்றப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி விலகியபின், அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேயுருவம் வேண்டிப் பெற்றவர் அவர். ஆகவே சிற்பியும் ஓவியரும் அவருக்குப் பெரும்பாலும் நகை இடுவதில்லை. எலும்பு தெரியும் உடலையும் கையில் தாளத்தையும் மட்டுமே தருகிறார்கள். அந்த உருவத்தைத்தான், கயிலையில் உமை பக்கத்தில் இருக்கும்போதே, சிவன் அம்மை என்று அழைத்தான். சோமாஸ்கந்த வடிவில் கணவனாகவும் தந்தையாகவும் இருப்பவன் மகனாகும் உறவு அங்கே இல்லை. அதை அணியின்றி நின்ற ஒருத்தி நிறைவு செய்கிறாள். அணி உறவுக்கு அடையாளம் என்பது இதனால் பொய்யாகிவிடவில்லை. அடையாளம் தேவைப்படாத அளவுக்கு உறவு முதிரக்கூடும் என்பதே புலப்படுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அம்மையாரை அமர்த்திய சோழச் சிற்பி, அணி நிறைந்த உடலையும் அணியற்ற உடலையும் ஒரே கல்லில் தாயும் மகனுமாக வைத்தான்.