கூடமும் கோணலாக இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழி புழங்காத தமிழ் வீடு இருக்காது. சமையல் சரியாக வராதவள் அடுப்பைக் குறை சொன்னாலும், கையெழுத்து நன்றாக இல்லாத பையன் பேனாவைக் குறை சொன்னாலும், உடனே யாராவது ஒருவர் இதை எடுத்து வீசிவிடுவார். அப்புறம் எதிராளி வாயைத் திறக்க முடியாது. எனக்கு இந்தப் பழமொழியின் மீது நெடுநாளாகவே ஒரு சந்தேகம். அந்தக் கூடத்தை யாராவது போய்ப் பார்த்தார்களா? ரசமட்டம் வைத்துச் சோதித்தார்களா? அவளுக்கு ஆடத் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் கூடம் நேராகிவிடுமா?

படம் வரைகிற சாமான்கள் விற்கும் கடையில் நிற்கும்போதெல்லாம் இந்த யோசனை வருகிறது. நான் சித்திரக்காரன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனாலும் பென்சிலும் காகிதமும் அடுக்கியிருக்கிற கடையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். அங்கே அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு.

"யாருக்கும்மா?"

"எம் பொண்ணுக்கு. இப்பத்தான் கிளாஸிலே சேத்திருக்கேன்."

"அப்படீன்னா இது போதும்மா. நல்லா வரைய ஆரம்பிச்சப்புறம் அதை வாங்கிக்கலாம்."

கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. தமக்கு வரக்கூடிய லாபத்தைக்கூட விட்டுக்கொடுத்துத்தான் சொல்கிறார். அந்த அம்மாளுக்கும் அது நியாயமாகவே படுகிறது. உயர்ந்த சாமான் உயர்ந்த கைக்கு. கற்றுக்கொள்கிற கைக்கு மட்டமானது போதும். வெளிப்பார்வைக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வரைகிறபோது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காகிதம் செய்யும்போது, அது மையை உறிஞ்சிவிடாமல் இருப்பதற்காக ஒரு பசைப் பொருளைச் சேர்ப்பார்கள். மட்ட ரகக் காகிதத்தில் இது போதிய அளவு இருக்காது. மைப் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் அது இரண்டு பக்கமும் ஊறிப் பரவி, மழையில் நனைந்த பூரான்போல் ஆகிவிடும். பென்சிலால் வரைந்துவிட்டு ரப்பரைப் போட்டால், இரண்டாவது தடவையிலேயே நார் நாராக எழும்பும். மூன்றாவது தடவையில் ஓட்டை. ரொம்ப வழவழப்பான காகிதமாக இருந்தாலோ பென்சில் வழுக்கும். எவ்வளவு தேய்த்தாலும் கறுப்பு ஏறாது. கறுப்பைப் பிடித்துக்கொள்ளக் காகிதத்துக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

பென்சில் சமாச்சாரமும் இப்படித்தான். 1795-ல் பிரான்சுக்கு இங்கிலாந்தோடு சண்டை. இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த நல்ல கிராஃபைட் நின்றுபோயிற்று. அப்போது நிக்கோலா ஷாக் கோன்டே என்பவர் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கி, சூளையில் சுட்டெடுக்கிற வழியைக் கண்டுபிடித்தார். நாம் இன்றும் பிடிக்கிற பென்சில் அந்த வம்சந்தான். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளுக்கும். அது எச் வரிசை. களிமண் குறைந்தால் மெத்தென்று கறுப்பாக எழுதும். அது பி வரிசை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எச்.பி., பள்ளிக்கூடக் கணக்குக்கு ஏற்ற பென்சில். அதைக் கொண்டு ஒரு பானையின் நிழலைத் தீட்டு என்றால் குழந்தை என்ன செய்யும்? அழுத்தும். காகிதத்தில் பள்ளம் விழுமே தவிர இருள் விழாது. ஒரு 2பி, ஒரு 4பி கையில் இருந்தால் அழுத்தவே வேண்டாம். இன்னொரு சங்கடமும் உண்டு. தரையில் இரண்டு மூன்று முறை விழுந்த பென்சிலுக்குள்ளே கறுப்புக் குச்சி துண்டு துண்டாக நொறுங்கியிருக்கும். சீவச் சீவ முனை ஒடியும். "அழுத்தாதே, அழுத்தாதே என்று எத்தனை தடவை சொல்வது!" என்று குழந்தைதான் வசவு வாங்கும்.

நன்றாக வரையத் தெரிந்தவர் கையில் இதே காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்தால், ஒரே நிமிஷத்தில், "சே, இது காகிதமா!" என்று தூக்கிப் போட்டுவிடுவார். தம்முடைய கையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வராது. கற்றுக்கொள்கிறவளுக்கு அந்த வசதி இல்லை. கோடு கெட்டது மையாலா, காகிதத்தாலா, தன் விரலாலா என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் ஏன் கற்றுக்கொள்ள வரவேண்டும்? ஆகவே எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாள். "எனக்கு வரலேம்மா" என்று சொல்லி நோட்டை மூடி வைக்கிறாள். அந்த நோட்டோடு வேறொன்றும் மூடிக்கொள்கிறது. அதைத் திறக்கச் சிலருக்கு நாற்பது வருஷமானாலும் முடிவதில்லை. சிறு வயதில் படம் வரைந்தேன், வரவில்லை என்று சொல்லும் பெரியவர்களைக் கண்டால், என்ன காகிதத்தில் வரைந்தீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும்.

இது சித்திரத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. புது மருமகள் முன்னால் மொட்டை அரிவாள்மணையைப் போட்டுவிட்டு, வெண்டைக்காய் நறுக்கக்கூடத் தெரியவில்லை என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்ளும் மாமியார்கள் இருந்தார்கள். சுருதி நிற்காத பழைய வீணையைக் கொடுத்துப் பெண்ணைப் பாட்டு கற்கச் சொல்வார்கள்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று யாராவது சொல்லக்கூடும். வாஸ்தவந்தான். ஆனால் அது வல்லவனைப் பற்றிய பேச்சு. வல்லவனுக்குப் புல் போதும் என்றால், வாளை யாரிடம் கொடுப்பது நியாயம்? வல்லமை இன்னும் வராதவனிடம் அல்லவா? நாமோ வல்லவனுக்கு வாளையும், மற்றவனுக்குப் புல்லையும் கொடுத்துவிட்டு, பழமொழியையும் அவனுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வல்லவர்களாவது கையில் கிடைத்ததோடு திருப்திப்பட்டார்களா? வான்கோவையே எடுத்துக்கொள்ளலாம். பணக் கஷ்டத்துக்கு அவரைவிடப் பேர்போன சித்திரக்காரர் இல்லை. தச்சர்கள் மரத்தில் குறி போடுகிற பட்டைப் பென்சிலாலும் அவர் வரைந்திருக்கிறார். 1888-ல் தெற்கு பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் இருந்தபோது, நாணலை வாத்து இறகுபோல் சீவிப் பேனாவாக்கி, மையில் தொட்டு வயல்களையும் தோட்டங்களையும் வரைந்தார். புல்லே ஆயுதமான கதைதான். ஆனால் இதே நாணல் பேனாவை ஹாலந்தில் இருந்தபோதே முயன்று பார்த்ததாகவும், அங்கே இவ்வளவு நல்ல நாணல் கிடைக்கவில்லை என்றும் தம்பிக்கு அவர் எழுதியிருக்கிறார். கூடம் கோணல் என்று வான்கோவும் சொல்லியிருக்கிறார்! யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாணலை மாற்றியவுடன் என்ன வந்தது என்பதை உலகம் பார்த்துவிட்டது. (மை விஷயத்தில் அவருக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய மைச் சித்திரங்கள் பலவற்றில் மை வெளுத்துப் பழுப்பாகிவிட்டது.)

இதற்காக, குழந்தைக்குக் கடையிலேயே விலை உயர்ந்த காகிதத்தை வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் வேறு ஆபத்து இருக்கிறது. பருத்தி நாரில் செய்த கனமான காகிதம், ஓரம் பிசிறு பிசிறாக, தந்த நிறத்தில், தொட்டாலே கை கூசுகிற மாதிரி இருக்கும். அதன் மேல் கோடு போட யாருக்குத் துணிச்சல் வரும்? பட்டுப் புடவைபோல் அது பீரோவுக்குள் போய்விடும். நன்றாக வரைய வந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருப்பார்கள். பீரோவில் இருக்கிற காகிதத்தால் யாருக்கும் வரைய வந்ததில்லை. இருபத்து நாலு பென்சில் அடங்கிய தகரப் பெட்டிகளும் இந்த ஜாதியைச் சேர்ந்தவைதாம். அவற்றை வரிசை கலையாமல் வைப்பதிலேயே பொழுது போய்விடும்.

காகிதத்தின் குற்றத்தைக் கையின் குற்றமாக நினைக்க இடமில்லாதபடி நல்லதாக இருக்க வேண்டும். அதே சமயத்தில், நூறு தாளைக் கெடுத்தாலும் வீட்டில் யாரும் முகம் சுளிக்காதபடி மலிவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. என் புத்தகங்களை அச்சிடுகிற இடத்திலேயே பார்த்திருக்கிறேன். அட்டைக்கும் படங்களுக்கும் வாங்கிய தடித்த, நல்ல காகிதத்தை அளவுக்கு வெட்டிய பிறகு எஞ்சுகிற ஓரத் துண்டுகளை மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள். அளவுதான் ஒழுங்காக இராது. ஒரு முழ நீளமும் நாலு விரல் அகலமுமாக இருக்கும். அந்த மாதிரித் துண்டில் பெரியவர்களுக்கு என்ன வரைவதென்று தோன்றாது. குழந்தைகள் ரயில் போடுகிறார்கள். துண்டு போதாமல் இன்னொன்றை ஒட்டி, பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.