கல்லில் ஏறாத பேர்கள்

ஜெர்மனியில் ஹால்டர்ன் என்று ஓர் ஊர். அணைகளை உடைக்கக் கிளம்பிய 19 பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்களில் ஒன்று, 1943 மே 16 ராத்திரி, அங்கே உயரழுத்த மின்கம்பியில் மோதி எரிந்தது. ஏழு பேரும் செத்தார்கள். அவர்களுக்கு 2015இல் அங்கேயே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. குண்டு போட வந்தவனுக்கு, குண்டு விழ இருந்த மண்ணில் அஞ்சலி. பெரிய மனசுதான், மறுக்கலை.

ஆனா அதே ராத்திரி வேற விமானங்கள் மோனே அணையை உடைத்தன. விடியுமுன் வெள்ளம் நேஹைமில் முள்வேலி போட்ட முகாமுக்குள் புகுந்தது. உள்ளே இருந்தது யாரு? ஹிட்லர் ஆட்சி கிழக்கிலிருந்து பிடிச்சுக்கிட்டு வந்து ஆலைகளில் கட்டாய வேலை வாங்கின பெண்கள். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஹிட்லரிடமிருந்து முதலில் மீட்கப்பட வேண்டியவர்களே அவர்கள்தான்.

ஹால்டர்ன் ஏழு பேர் மேல் இந்தப் பழியைப் போட முடியாது. அவர்களுக்குக் குறித்த இலக்கு சோர்ப்பே அணை. கொண்டுவந்த குண்டும் வெடிக்காமலே கிடந்தது. என் கேள்வி பேர் பற்றியது. அந்தத் தாக்குதலில் மாண்ட விமானப்படையினர் 53 பேருக்கும் பேர், வயசு, ஊர் எல்லாம் இருக்கு. ராணுவம் பதிவேடு வச்சிருந்தது, வீட்டுக்குத் தந்தி போச்சு. சோவியத் பெண்களுக்கோ, கிழக்கு என்று பொருள்படும் 'ஓஸ்ட்' என்ற துணித்துண்டைச் சட்டையில் தைத்திருந்தார்கள். சாதியே பேராகக் கூப்பிடப்பட்டவர்களுக்கு அந்தத் துண்டு புதுசில்லை.

ஏழு பேருக்குப் பூ வைக்கட்டும். அந்தப் பெண்களுக்கு வைக்கிறவர்கள் யார் பேரைச் சொல்லி வைப்பார்கள்?