முன்னோர் கடன்

இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரை வரிசைப்படுத்திய வள்ளுவப் பெருந்தகை, தென்புலத்தாராகிய முன்னோரைத் தெய்வத்துக்கும் முன்னதாக வைத்தார். ஆடி அமாவாசையில் எள்ளும் நீரும் இறைப்பதோடு அக்கடன் தீர்ந்துவிடுமா?

அப்புத்தளைக்கு வரும் உல்லாசப் பயணிகள் தம்பேதன்னையில் 1890ஆம் ஆண்டு எழுந்த தேயிலைத் தொழிற்சாலையைக் காண்கின்றனர். மேலேயுள்ள மலையுச்சி தோமஸ் லிப்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காடு வெட்டித் தேயிலை நட்டவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது.

இக்குறையைப் போக்க, சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. பழைய லயமொன்றே அதன் கட்டடம். தொழிலாளர் கையாண்ட கருவிகளும், வீட்டுப் பாவனைப் பொருட்களும், ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன.

இன்றும் பல குடும்பங்கள் லயங்களில் வாழும்போது, ஒரு லயத்தைக் காட்சிப்பொருளாக்குவது முறையா என்று சிலர் கேட்பர். பட்ட துன்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வது தாழ்வு எனக் கருதுவோரும் உளர். இவ்வினாக்களை அலட்சியம் செய்தலாகாது. லயத்தில் வாழ்வோருக்குக் காணியும் வீடும் கிடைக்க வேண்டும் என்பதே முதல் அறம். ஆயினும் எல்லா லயங்களும் இடிக்கப்பட்ட பின்னர், அங்கு வாழ்ந்தோரின் உழைப்புக்குச் சாட்சியாக ஒன்றேனும் நிற்க வேண்டாமா?

சான்று இல்லாமையின் விலையை மலையகம் நன்கறியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை முதலிய முன்னோர் இலங்கையில் பிறந்தமைக்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவு இல்லாத எத்தனையோ குடும்பங்கள் தாம் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாயின. ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதி அன்று விளங்கியது.

ஆலயத்துக்கும் இக்கடமை உண்டு. தோட்டத்துக் கோயில்கள் பலவும் மரத்தடியில் நட்ட கல்லாகவும் சூலமாகவும் தொடங்கியவையே. புனருத்தாரணம் செய்யும்போது அப்பழங்கல்லை மூலையில் எறியாது உரிய இடத்தில் வைத்தல் வேண்டும். முதற் பூசை செய்தவர், காவடி எடுத்தவர், கூலியில் மிச்சம் பிடித்துக் காணிக்கை தந்தவர் ஆகியோரின் பெயர்களை, முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். காமன் கூத்துப் பாடல்களையும் அவ்வாறே பதிவு செய்யலாம்.

கோபுரம் எழுப்புவது புண்ணியம். அதற்கு முதற்கல் சுமந்தவரை மறவாதிருப்பதும் புண்ணியமே. அந்நன்றியுணர்வு இளந்தலைமுறையினர் உள்ளத்தில் நிலைபெற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.