கள்ளிமுளையான்

நாகமலை அடிவாரம். இன்னும் சரியாக விடியவில்லை, பாறை சில்லென்றிருக்கிறது. இந்தக் காரைப் புதரையே வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தும், அதன் தூரில் நின்ற கள்ளிமுளையானை இப்போதுதான் கண்டேன். சாம்பல் பூத்த பச்சை, பாதி பாறையின் நிறம். சாண் உயரம்தான். விரல் தடிமனில் நாலு பட்டைத் தண்டுகள். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, உதிர்ந்த தழும்புகள்தான் விளிம்பில் புள்ளிபுள்ளியாக இருக்கின்றன. முள்ளும் கிடையாது. காரை முள்ளின் காவலில் ஆட்டு வாய்க்குத் தப்பியிருக்கிறது.

ஒரு நுனியை ஒடித்து மென்றேன். நல்ல புளிப்பு, பிறகு லேசான கசப்பு, வாய் நிறைய நீர்.

*

புளிப்பு இரவில் சேர்ந்தது. வெயிலில் தண்டின் நுண்துளைகளைத் திறந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும் என்பதால் இச்செடி பகலில் மூச்சை அடைத்துக்கொள்கிறது. இருட்டிய பிறகு திறந்து, கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கி வைத்துக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்தச் சேமிப்பை எடுத்துத் தனக்கு உணவாக்குகிறது. 200 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இதே வழக்கமுள்ள ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் ருசியற்றுப் போகிறது என்று எழுதிவைத்தார். வேளைக்கு வேளை மென்று பார்த்த அந்தப் பொறுமையை நினைத்துக்கொள்கிறேன்.

*

சாயங்காலம் அதே இடம். பாறை இன்னும் சுடுகிறது. ஒரு துண்டு மென்றேன். காலையில் இருந்த புளிப்பு இல்லை.

ஆடுகளை ஓட்டிவந்த பெரியவர், "ரெண்டு துண்டு வாயில போட்டுக்கங்க தம்பி, தாகம் தெரியாது" என்றார். நகத்தால் நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டார். சோறில்லாத நாளில் பசி தாங்கவும் ஜனங்கள் இதைத்தான் மென்றார்கள். இன்று உடம்பு இளைக்க இதன் சாறு மாத்திரையாகி விற்கிறது. அதற்காக வேரோடு பிடுங்கிப் போகிறார்கள். பிடுங்கின குழியைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

*

தண்டின் நுனியில் ஒரு பூ தலைகவிழ்ந்திருக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு, கருஞ்சிவப்பு. இதழோர மயிர்கள் என் மூச்சுக்கே நடுங்குகின்றன. ஒரு ஈ உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. எருக்கின் குடும்பம் இது. மகரந்தம் தூளாக உதிராது, பொதியாக ஈயின் உடம்பில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். இந்த ஈ எடுத்துப்போனதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

பெரியவரின் ஆடுகள் ஓடைப்பக்கம் இறங்கிவிட்டன. இருட்டிக்கொண்டு வருகிறது. துளைகள் இனிமேல்தான் திறக்கும். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன்.