நல்ல காசு கேட்ட பிள்ளை

திருச்சிற்றம்பலம்.



போன மாதம் செமோரில் எங்கள் சமய வகுப்பு முடிஞ்சதும் ஒரு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எட்டு வருஷமா ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். "தம்பி, கம்பெனியில ஆள் குறைக்கப் போறாங்களாம். என் பேரும் இருக்கும் போல. என்ன கொடுக்கிறாங்களோ வாங்கிட்டு வந்துட வேண்டியதுதான், சாமி விட்ட வழி. காசைப் பத்திக் கேட்டுக்கிட்டு நின்னா அது பக்தியா?" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் திருவீழிமிழலை ஞாபகத்துக்கு வந்தது.

பெரிய புராணத்தில் உள்ள வரலாறு இது. அப்பரும் சம்பந்தரும் திருவீழிமிழலையில் இருந்தபோது நாட்டில் கடும் பஞ்சம். அடியார்கள் பசியால் வாடினார்கள். சிவபெருமான் இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு படியாகக் கொடுத்தார். அதைக் கொண்டு இருவர் மடத்திலும் அன்னம் போட்டார்கள். ஆனால் அப்பர் மடத்தில் நேரத்தோடு சாப்பாடு ஆனது, சம்பந்தர் மடத்தில் தாமதமானது. ஏன் என்று சம்பந்தர் விசாரித்தார். "அப்பருக்குக் கிடைக்கும் காசைக் கடைக்காரர்கள் உடனே வாங்கிக்கொள்கிறார்கள், நம்ம காசுக்கு வட்டம் பிடிக்கிறார்கள்" என்றார்கள் சமையல்காரர்கள். அதாவது, மாற்றுக் குறைந்த காசு.

சம்பந்தர் என்ன செய்தார்? "சாமி கொடுத்தது இவ்வளவுதான்" என்று சும்மா இருந்தாரா? இல்லை. நேரே கோயிலுக்குப் போய், குறையில்லாத காசு வேண்டும் என்று சிவபெருமானிடமே பாடிக் கேட்டார். கேட்டது கிடைத்தது. அடியார்களும் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள்.

இதில் இரண்டு விஷயம் இருக்கு. ஒன்று, அப்பருக்கு ஏன் முதலிலேயே நல்ல காசு? அவர் உழவாரம் எடுத்துக் கையால் தொண்டு செய்தவர். உடம்பால் உழைத்தவனுக்கு இறைவன் வட்டம் பிடிக்காத காசு கொடுத்தான். இரண்டு, சம்பந்தர் கேட்டது தனக்காக இல்லை, தன்னை நம்பிச் சாப்பிடக் காத்திருந்தவர்களுக்காக. ஆண்டவனிடமே முழுக் காசு கேட்கலாம் என்றால், முதலாளியிடம் சட்டப்படி உள்ளதைக் கேட்பது எப்படிப் பக்திக் குறைவாகும்?

கேட்பதற்கு முன்னால் என்ன உண்டு என்று தெரியணும். தீபகற்ப மலேசியாவில் மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவர் குறைந்தது ஒரு வருஷம் வேலை செய்திருந்தால், ஆள் குறைப்பில் இழப்பீடு உண்டு. இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். நம்ம அண்ணனுக்கு 160 நாள் சம்பளம் வரும். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அதைக் கொடுக்கணும். ஒப்பந்தத்தில் வேறு தவணை இல்லையென்றால் அவருக்கு எட்டு வார நோட்டீஸும் உண்டு.

அதோடு 2018 முதல் பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கு. மாதா மாதம் நம்ம சம்பளத்திலும் பிடிக்கிற காசு அது, தர்மம் இல்லை. வேலை போன 60 நாளுக்குள் மனு செய்யணும். தகுதி இருந்தால் முதல் மாதம் கணக்கிட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறையும். ஆனால் "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டு உதவியும் கையை விட்டுப் போகலாம். அவசரப்படுத்தினாலும் படிச்சுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க. நீக்கிய காரணமே நியாயமில்லை என்றால் அதே 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம்.

நம்ம முன்னோர்களுக்கு இது எதுவும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போனது. அப்போதும் நம்மவர்கள் தலைவிதி என்று உட்காரவில்லை. நம்ம பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

சரணாகதி என்பது வாயை மூடிக்கொள்வது இல்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பலனை அவன் காலடியில் வைப்பது. வேலை போனால் போவது ஒரு பதவி. நம்ம கையும் படிப்பும் போகாது, மானமும் போகாது. வேலை இழந்தவர் வெட்கப்பட்டுக் கோயிலுக்கு வராமல் இருந்தால், அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது நம்ம கடமை. பாரம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் கூடப் போய் உட்காருங்கள். அதுவும் அடியார் தொண்டுதான்.

அந்த அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். கம்பெனியில் இன்னும் பெயர்ப் பட்டியல் வரவில்லை. ஆனால் அவர் வேலை நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் ஒரு கோப்பில் போட்டுச் சாமி அறையில் வைத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கும் வந்திருந்தார்.

திருச்சிற்றம்பலம்.