கண்டலும் தில்லையும்

தாம் செய்யும் பணியின் பயனைத் தங்கண்ணாற் காணமாட்டாத ஒருவர் அப்பணியை எந்நினைவோடு செய்தல் வேண்டும்? இவ்வினா யாவர்க்கும் உரியதாயினும், சைவப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குச் சிறப்பாக உரியது. பிள்ளையின் நெஞ்சில் இட்ட வித்து முப்பது வருடத்தின் பின் முளைப்பினும் முளைக்கும், முளையாதொழியினும் ஒழியும்.

இதற்கு விடை கூறுவோர் சிலர் சதுப்புநிலக் காட்டை உவமையாகக் காட்டுவர். அவ்வுவமையை ஈண்டு ஆராய்வாம்.

மண்டைதீவு முதலிய இடங்களிலே, கடனீரேரியின் ஓரத்தில், வெண்கண்டல் சேற்றினின்றும் மேனோக்கி மூச்சுவேர்களை நீட்டி நிற்கின்றது. கண்டலோ தாங்குவேர்களை ஊன்றி நிற்கும். அதன் வித்துத் தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு, பின் நீரில் வீழ்ந்து மிதந்து சென்று வேரூன்றும். உவர்நீர் இடையிடையே வந்தேறும் மேட்டிலே வளர்வது தில்லை. அதுவே சிதம்பரத்தின் தலவிருட்சம். இன்று அந்நகரிலே தில்லைவனம் இல்லை. கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளிலே அம்மரத்தைக் காணலாம்.

உவமை கூறுவோர், “கண்டல் சேற்றைத் தேக்கி நிலஞ்செய்கின்றது, நிலம் உயர்ந்தபின் தன்னிடத்தைத் தில்லைக்கு விட்டு மறைகின்றது, தில்லையும் பின் வருவனவற்றிற்கு இடம்விட்டு மறைகின்றது. பிறர்க்கு நிலஞ்சமைத்துத் தானழிதலே அறம்” என்பர்.

இது செவிக்கினிது. தாவரநூலாரும் ஒருகாலத்தில் இவ்வாறே கொண்டனர். 1916ஆம் ஆண்டிலே கிளெமென்ற்ஸ் என்பவர், ஒரு நிலத்தின் தாவரக்கூட்டம் படிப்படியாக மாறி ஒரு முடிந்த காட்டிலே நிலைபெறுமென்றார். குளிர்தேசத்துக் குளங்கள் தூர்ந்து, பாசிநிலமாகி, ஊசியிலை மரச் சதுப்பாகி, ஈற்றில் மேட்டுக்காடாகும் என்பது அக்கொள்கையினர் காட்டும் உதாரணம். 1940இலே டேவிஸ் என்பவர் புளோரிடாக் கண்டற்காடுகளை நிலஞ்செய்வன என்றார். பின்வந்தோர் அச்சதுப்புக்களின் அடியிற் படிந்த மகரந்தத்தை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்தபோது, காடு மீண்டும் பாசிநிலமானதும், ஒரே நிலை பல்லாயிரம் ஆண்டு நின்றதும் புலப்பட்டன. 1967இலே மெக்சிக்கோவின் தபாஸ்கோக் கழிமுகத்தை ஆராய்ந்த தொம் என்பவர், கண்டல்வகைகளின் வரிசை நிலத்தின் உயர்வுதாழ்வையும் ஆறு இடும் வண்டலையும் பின்பற்றுவதென்று காட்டினார். ஆகவே இடத்திற் காணும் வரிசையெல்லாம் காலத்தின் வரிசையாகாது.

உவமை தளர்ந்தமையால் அறமுந் தளர்ந்ததோ? அன்று, அது திருந்தியதென்க. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது நாம் மாணாக்கர்க்குச் சொல்வதே. இங்கே வண்டல் முதற்காரணம், கண்டலின் வேர் துணைக்காரணம், நிமித்தகாரணன் இறைவனே. துணைக்காரணத்தை நிமித்தகாரணமாக மயங்கியதே அவ்வுவமையின் குற்றம். வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டிலே, மாரியில் மாத்திரம் ஓடி அராலியருகே கடனீரேரியிற் கலப்பது வழுக்கையாறு. எத்தனை வேர் ஊன்றினும் வாராத வண்டலைக் கண்டல் பிடிக்கமாட்டாது.

அஃதேல் வேர் வேண்டாமோவெனின், வேண்டும். சக்கரமின்றிக் குடம் வனையப்படாது. வேரற்ற கரையிலே வந்த சேறும் அலையினால் எளிதிற் கலைந்துபோம். வேரும் சருகும் தாமே மண்ணோடு சேர்ந்து நிலத்தைச் சிறிது உயர்த்துதலும் உண்டு.

ஆசிரியர் நிலையும் இதுவே. அறிவது மாணாக்கனுடைய ஆன்மா, அறிவிப்பது திருவருள், ஆசிரியர் துணை. ஆதலின், “இவனை யான் ஆக்கினேன்” என்னும் செருக்கும், “என் உழைப்பு வீணாயிற்று” என்னும் சோர்வும் ஒரே மயக்கத்தின் இரு கிளைகளாம்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1864இலே சிதம்பரத்தில் மற்றொன்றையும் தாபித்து, 1879இலே சிவபதமடைந்தார்கள். சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றியது 1923இலே. அதனை அவர்கள் கண்டிலர். அச்சங்கத்தின் பாடசாலைகளும் 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் அரசாங்கத்தின் வசமாயின. முடிந்த காடொன்றையே எதிர்பார்த்தவர் இதனை அழிவென்பர். துணைக்காரணத்தின் இயல்பறிந்தவரோ, இன்று தம் வகுப்பில் வந்து படியும் வண்டல் யாதென்று நோக்குவர்.

இன்னுமொன்று. கண்டல் தில்லைக்குப் படிக்கல்லாதற்கென்றே பிறந்ததன்று. உவர்நீரின் ஓரத்தில் அது செய்யும் தொழிலைத் தில்லை செய்யமாட்டாது. அங்ஙனமே, சிறுவர்க்குத் திருநீறு தரிக்கும் முறையைக் கற்பிக்கும் ஆசிரியர், சித்தாந்த சாத்திரம் கற்பிப்பவருக்குத் தாழ்ந்தவரல்லர். அவரவர் நிற்குமிடத்தில் வேரூன்றி நிற்க. வண்டலை வருவிப்பது திருவருளின் கடன்.

திருச்சிற்றம்பலம்.