பார்வையும் ஓர் அமானிதமே

அல்லாஹுத்தஆலா படைத்த மலையையும் கடலையும் கண்டு வியப்பது நல்ல காரியமே. படைப்பைக் குறித்துச் சிந்திக்கும்படி திருமறை நம்மைப் பலமுறை தூண்டுகிறது. கண்டதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது கூடுமா என்பதே அடுத்து எழும் கேள்வி. உயிருள்ளவற்றின் படங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், உருவம் வரைந்து பிழைத்த ஒருவரிடம், மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்து கொள்ளும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆகவே பாறையைப் படம் பிடிப்பதில் தடையில்லை என்று நிம்மதி அடைந்து விடுகிறோம். விஷயம் அத்துடன் முடிந்து விடுகிறதா?

ஓமன் நாட்டின் வடகோடியில், ஹுர்முஸ் நீரிணையை நோக்கி நீண்டு நிற்கிறது முஸந்தம். அங்கே சுண்ணாம்புப் பாறை மலைகள் கடலிலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்ததால் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து, வளைந்து செல்லும் குடாக்கள் உண்டாயின. அவற்றுள் ஒன்று கோர் அஷ்ஷம். நீளம் சுமார் 16 கிலோமீட்டர். இந்தியாவுக்குத் தந்திக் கம்பி பதித்த ஆங்கிலேயர் 1860-களில் நிலையம் அமைத்திருந்த சிறு தீவும் அதனுள்தான் இருக்கிறது. கஸப் துறையிலிருந்து மரப்படகுகள் பயணிகளை அங்கே அழைத்துச் செல்கின்றன.

அந்தப் பாறைகளின் அடியில் சிற்றூர்களும் உண்டு. சாலை கிடையாது; குடிநீரும் படகில்தான் வர வேண்டும். நாம் சென்ற படகு அத்தகைய ஓர் ஊரை நெருங்கியதும் எல்லோருடைய காமிராக்களும் கைபேசிகளும் உயர்ந்தன. நம்முடையதும்தான். கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாத்திரங்கள் கரையிலேயே கிடந்தன.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் கூறாமல் நுழையாதீர்கள் என்பது ஸூரத்துந் நூர் கற்பிக்கும் ஒழுக்கம். அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் உள்ளே அனுப்பினால், அனுமதி கேட்டதாகுமா?

‘கடல் பொதுவானது; நாங்கள் கடலில் இருந்துதானே பார்த்தோம்?’ என்று சிலர் கேட்கலாம். வழி பொதுவானது என்பதால் வழியோரத்து வாசலும் பொதுவாகி விடுமா? அம்மக்கள் மதில் எழுப்பவில்லை. பின்னால் மலையும் முன்னால் கடலுமே அவர்களுக்கு மதிலாக இருந்தன. அந்த மதிலில் விழுந்த துவாரமாக நமது படகு ஆகிவிட்டது. நம் வீட்டு முற்றத்தை நாள்தோறும் நூறு பேர் படம் பிடித்துப் போனால் நாம் பொறுப்போமா?

பயணம் போக வேண்டாம் என்றோ காமிரா கூடாது என்றோ நாம் சொல்ல வரவில்லை. பாறையைப் பிடியுங்கள்; அலையைப் பிடியுங்கள். குடியிருப்பு வந்ததும் கையைத் தாழ்த்துங்கள். கரையில் இறங்கினால் முதலில் ஸலாம் கூறுங்கள். படம் வேண்டுமென்றால் கேளுங்கள். மறுத்தால் மனவருத்தமின்றித் திரும்புங்கள். இதனால் இழப்பது ஒரு படம். காப்பது ஒரு குடும்பத்தின் மானம்.

அன்றிரவு அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தோம். பாறை மிக அழகாக விழுந்திருந்தது. அதன் அடியில் திரும்பிய ஒரு முகமும் இருந்தது. அழித்துவிட்டோம். செவியைக் குறித்தும் பார்வையைக் குறித்தும் உள்ளத்தைக் குறித்தும் விசாரணை உண்டு என்று நம்புகிற நமக்கு, வேறு வழி ஏது?